மாகாளி வாசம்

ஜனவரி 11, திண்டிவனம்

பொங்கல் கடைகளில் மஞ்சள் கொத்துக்கும் கரும்புக்கட்டுக்கும் நடுவே ஒரு அம்மா சாக்கு விரித்து மாகாளிக்கிழங்கைக் குவித்திருந்தார். விரல் கனத்திலும் அதைவிடத் தடித்தும், செம்மண் உதிராத வேர்கள். "மலையிலேர்ந்து நேத்துதான் வந்துது சார், மோந்து பாருங்க" என்றார். மோந்து பார்க்க வேண்டிய அவசியமே இல்லை, தெருமுனையிலேயே வாசனை பிடித்து இழுத்துவிட்டது. இந்த வாசனை விஷயத்தில் தமிழ்நாட்டில் இரண்டே கட்சிகள்தான். ஒரு கட்சிக்கு நாக்கில் நீர் ஊறும். மற்றது மூட்டைப்பூச்சியை நசுக்கின நாற்றம் என்று மூக்கைப் பொத்திக்கொள்ளும். நான் பரம்பரையாக முதல் கட்சி. பேரம் பேசாமல் வாங்கிவிட்டேன்.

ஜனவரி 12

இரவெல்லாம் தண்ணீரில் ஊறியும் மண் முழுதாகப் போகவில்லை. அக்கா தோலைச் சீவி, வேரைப் பிளந்து, நடுவிலிருக்கும் கட்டை நரம்பை எடுத்தெறிந்து, சதையைப் பொடியாக நறுக்கினாள். பிறகு கெட்டி மோர், உப்பு, மிளகாய்ப்பொடி, கடுகுப்பொடி, கொஞ்சம் எலுமிச்சைச் சாறு. வாங்கின எடையில் தோலும் நரம்பும் போனபின் ஜாடியில் சேர்ந்தது கொஞ்சம்தான்.

மாகாளியின் மணப்பொருளும் வெனிலாவின் மணப்பொருளான வெனிலினும் ஒரே அணுக்களை ஒரே எண்ணிக்கையில் கொண்டவை, அடுக்கு மட்டும்தான் வேறு என்று அக்காவிடம் சொன்னேன். "அப்போ ஐஸ்கிரீம்ல போட்டு நீயே சாப்பிடு" என்றாள். நன்னாரி வேரிலும் இருப்பது இதே மணப்பொருள்தான். அதனால்தான் மருந்துச் சரக்கில் நன்னாரி என்ற பெயரில் மாகாளி கலக்கிறது. ராயலசீமையின் நன்னாரி சர்பத்துக்கும் பெரும்பாலும் மாகாளி வேர்தான். ஆக, மாகாளி ஊறுகாயைத் தொட்டே பார்க்காதவர்கள்கூட இந்தச் செடியைக் குடித்திருக்கலாம்.

ஜனவரி 14

பண்டிகை நாளில் தாவர நூலைப் பிரித்து உட்கார்ந்ததற்கு வீட்டில் திட்டு. டெகாலெபிஸ் ஹாமில்டோனி என்பது மாகாளியின் தாவரவியல் பெயர். ராபர்ட் வைட்டும் வாக்கர் ஆர்னட்டும் 1834இல் சூட்டியது. எருக்கங்குடும்பம். கிள்ளினால் பால் வடியும், பாறைமேல் படர்ந்து ஏறும் புதர். காய்கள் இரட்டையாகப் பிடிக்கும். வெடித்தால் பட்டு மயிர் முளைத்த விதைகள் காற்றில் போகும். தென்னிந்திய மலைகளைத் தவிர உலகில் வேறெங்கும் தானாக வளராது. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் அழியும் அபாயத்திலுள்ள இனங்களோடு இது சேர்ந்திருக்கிறது.

இதற்கு அண்ணன் தம்பிகளும் உண்டு. ஆனைமலைப் பக்கம் டெகாலெபிஸ் சாலிசிஃபோலியா. அகத்தியமலைப் பக்கம் காணிக்காரப் பழங்குடியினர் அமிர்தபாலா என்று போற்றும் டெகாலெபிஸ் அரயால்பத்ரா. இவ்விரு செடிகளின் நிலைமை இன்னும் மோசம்.

பிப்ரவரி 2, வெள்ளிமலை

மாகாளி வளரும் இடத்தையே பார்த்துவிடலாம் என்று விழுப்புரத்தில் விடியற்காலை பஸ் ஏறி, கள்ளக்குறிச்சி, கச்சிராயபாளையம், கோமுகி அணை தாண்டி கல்வராயன் மலைக்கு வந்து சேர்ந்தேன். 2019 வரை மலையின் இந்தப் பகுதியும் விழுப்புரம் மாவட்டம்தான். சின்னக் கல்வராயன் ஏறக்குறைய 2,700 அடி, பெரிய கல்வராயன் 4,000 அடி. மலையாளிப் பழங்குடிகளின் பூமி.

கூட வந்த பெரியவர் காட்டிய இடத்துக்குப் போக முள்ளுக்குள் தவழ வேண்டியிருந்தது. இந்தச் செடி நல்ல மண்ணில் சொகுசாக வளரும் ஜாதி இல்லை. பாறை வெடிப்பில் கொஞ்சம் மக்கும், மழைநீர் நிற்காத சரிவும், ஏறிக்கொள்ளப் பக்கத்தில் ஒரு புதரும் இருந்தால் போதும். கோடையைத் தாங்குவது வேரில் சேர்த்துவைத்த நீரும் மாவும்தான். நாம் தோண்டி எடுப்பதும் அதையேதான். இலை பறித்தால் இலை துளிர்க்கும். நெல்லிக்காய் பறித்தால் அடுத்த வருஷமும் காய்க்கும். மாகாளியில் இப்போது அறுவடை என்றால் செடியையே பிடுங்குவது. காய்த்து விதை பரப்புமுன் பிடுங்கினால் அடுத்த தலைமுறையும் அதோடு போச்சு.

"எங்கப்பன் காலத்துல ரெண்டு வேரு எடுத்துட்டு மிச்சத்தை மண்ணப் போட்டு மூடிருவாங்க. மறுபடி தழையும். இப்ப ஒருத்தன் விட்டா பின்னாடி வர்றவன் எடுத்துக்குவான்னு மொத்தமா பேக்குறாங்க" என்றார். திண்டிவனத்தில் நான் கொடுத்த விலையைச் சொன்னேன். சிரித்துவிட்டார். தரகர் இங்கே கொடுப்பது அதில் எத்தனை பங்கு என்று விரலை மடக்கிக் காட்டினார். பெரியவர்மேல் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சிறுவன மகசூல் சேகரிக்கும் உரிமையை 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் இந்தப் பழங்குடிகளுக்குக் கொடுத்திருக்கிறது. விட்டுவைத்த வேருக்கும் சேர்த்து விலை கொடுக்கும் சந்தையைத்தான் யாரும் கொடுக்கவில்லை.

பிப்ரவரி 9, விழுப்புரம்

மைசூரிலுள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனத்தில் மாகாளியைத் திசு வளர்ப்பு முறையில் நாற்றாக்கியிருக்கிறார்கள். ஆக, தோட்டப் பயிராக்க வழி இல்லாமல் இல்லை. ஆனால் வேர் பருக்கச் சில வருஷம் காத்திருக்க வேண்டும். காட்டில் சும்மா கிடைக்கும்வரை எந்த விவசாயி காத்திருப்பான்? வேர் எங்கிருந்து வந்தது என்று வாங்குகிறவர்கள் கேட்டால்தான் இது மாறும் என்று எனக்குப் படுகிறது. கேட்டுப் பார்த்தேன். ஊறுகாய்க் கடையில் மாகாளி பாட்டிலைத் திருப்பினால் உப்பு, எண்ணெய், காலாவதி தேதி எல்லாம் இருந்தன. எந்த மலை, காட்டு வேரா, பயிரா என்பது இல்லை. கடைக்காரரிடம் விசாரித்தேன்.

"இத்தினி வருசத்துல நீங்கதான் சார் மொத ஆளு. மாகாளிய வுடுங்க, மாவடு வரப்போவுது, சொல்லி வெக்கட்டுமா?"

மாவடுவுக்குச் சொல்லிவைத்துவிட்டு வந்தேன்.