விலைக்கு முன் மருந்தின் பெயர்

2024 நவம்பர் 13, புதன்

குன்றத்தூர் அருகே ஒரு வீட்டில் எலித்தொல்லை. பூச்சிக்கட்டுப்பாட்டு நிறுவனத்தின் ஆட்கள் வந்து எலிமருந்து வைத்துவிட்டுப் போனார்கள். இரவு அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள், நால்வரும் ஏசி போட்டுக்கொண்டு தூங்கினார்கள்.

நவம்பர் 14, வியாழன்

காலையில் நால்வருக்கும் வாந்தி, மூச்சுத்திணறல். ஆறு வயதுச் சிறுமியும் ஒரு வயதுத் தம்பியும் இறந்துபோனார்கள். பெற்றோர் மருத்துவமனையில். போலீஸ் வழக்குப் பதிந்து ஊழியர் ஒருவரைக் கைது செய்தது.

நவம்பர் 15, வெள்ளி

குன்றத்தூர் இருக்கும் காஞ்சிபுரம் மாவட்டத்தில்தான் ஸ்ரீபெரும்புதூரும் ஒரகடமும் இருக்கின்றன. தொழிற்சாலைகள் வந்தபின் வயல்களும் ஏரிக்கரைப் பக்கங்களும் வீட்டுமனைகளாகிவிட்ட ஊர்கள் இவை. எலிக்கும் கரையானுக்கும் பஞ்சமில்லை. மின்கம்பங்களில் ‘கரையான், கரப்பான், மூட்டைப்பூச்சி’ விளம்பரங்களுக்கும் பஞ்சமில்லை. அந்த எண்ணுக்குப் போன் போட்டதும் எல்லோரும் கேட்பது “எவ்வளவு ஆகும்?”

முதலில் கேட்க வேண்டியது உரிமம். 1968ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டமும் 1971 விதிகளும் இந்தத் தொழிலுக்கு உரிமத்தைக் கட்டாயமாக்கியிருக்கின்றன. விண்ணப்பிப்பவர் வேளாண்மையோ, வேதியியலுடன் அறிவியலோ படித்த பட்டதாரியாக இருக்க வேண்டும், மைசூரு மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் (சி.எஃப்.டி.ஆர்.ஐ.) போன்ற ஓரிடத்தில் குறைந்தது 15 நாள் பயிற்சியும் பெற்றிருக்க வேண்டும். உரிமத்தின் நகலைக் காட்டத் தயங்குபவரை வாசலோடு அனுப்பிவிடலாம்.

நவம்பர் 16, சனி

உரிமம் மட்டும் போதாது. என்ன மருந்து?

‘வாசனையே வராத ஹெர்பல்’ என்பது பதிலாகாது. மூல டப்பாவையே காட்டச் சொல்ல வேண்டும். லேபிளில் சாய்த்து வைத்த சதுரம் ஒன்று இருக்கும். அதன் கீழ்ப்பாதியின் நிறம் நச்சின் அளவைச் சொல்லும். சிவப்பு மிகக் கொடியது. அடுத்து மஞ்சள், பிறகு நீலம். பச்சைக்கு நச்சு குறைவு. லேபிள் இல்லாத தண்ணீர்ப் பாட்டிலில் கொண்டுவந்தால் வேலையை அங்கேயே நிறுத்திவிட வேண்டும். ஒரு காலத்தில் கரப்பானுக்கு அடித்த டிக்ளோர்வாஸ் 2020 டிசம்பர் 31 முதல் நாட்டில் தடைசெய்யப்பட்டது. அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையில் ஈரக்காற்று பட்டாலே பாஸ்பீன் என்ற நச்சுவாயு கிளம்பும். குடியிருக்கும் வீட்டில் அதற்கு இடமே இல்லை.

எலிக்குப் பொறிதான் முதல் வழி. மருந்துதான் வேண்டுமென்றால் புரோமாடியோலோன் போன்றதைப் பூட்டிய பெட்டிக்குள் வைக்கலாம். அதற்கு வைட்டமின் கே1 என்ற மாற்றுமருந்தாவது உண்டு.

நவம்பர் 17, ஞாயிறு

கரையான் வேலையை வீட்டுக்காரரே அளந்து பார்க்கலாம். கட்டி முடித்த வீடுகளுக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 6313, மூன்றாம் பகுதி. அதன்படி சுவரும் தரையும் சேரும் இடத்தில் 300 மில்லிமீட்டருக்கு, ஏறக்குறைய ஓர் அடிக்கு, ஒரு துளை போட்டு மருந்து செலுத்த வேண்டும். மூன்றடிக்கு ஒன்று போட்டுவிட்டு ஐந்து வருட கேரண்டி எழுதிக் கொடுப்பவரை நம்ப முடியாது.

இந்தப் பக்கத்து வீடுகளில் இன்னொரு ஆபத்தும் உண்டு. நைட் ஷிஃப்ட் முடித்தவர் பகலில் கதவைச் சாத்தி, ஏசி போட்டுத் தூங்குவார். மருந்தடிக்க ஆள் வருவதும் பகலில்தான். யார் எப்போது எந்த அறையில் தூங்குகிறார்கள், கைக்குழந்தை உண்டா, எத்தனை மணி நேரம் வெளியே இருக்க முடியும் என்றெல்லாம் விசாரித்த பிறகே வேலையைத் தொடங்குகிற நிறுவனத்தைத்தான் அழைக்க வேண்டும்.

பில்லில் மருந்தின் பெயர், அளவு, வைத்த இடங்கள் எல்லாம் இருக்க வேண்டும். யாருக்காவது தலைசுற்றலோ வாந்தியோ வந்தால் எல்லோரும் உடனே வெளியேறி 108ஐ அழைத்து, அந்தப் பில்லோடு மருத்துவமனைக்குப் போக வேண்டும். எந்த விஷம் என்று தெரிந்தால்தான் மருத்துவரால் சிகிச்சையை உடனே முடிவு செய்ய முடியும்.