இரண்டாம் ஷிப்டும் ஏழரை மணி சீரியலும்

"யூடியூப் வந்தாலும் வந்துச்சு, குடும்பமா உட்கார்ந்து டிவி பார்க்கிறதே போச்சு" என்று ஆளாளுக்குப் புலம்புகிறார்கள். பட்டிமன்றத் தலைப்பாகவும் ஆகிவிட்டது (மொக்கைத் தலைப்பு :-)). எங்க ஊர்க்காரர்கள் சேர்ந்து புலம்பினால்தான் சிரிப்பு வருகிறது. நெய்வேலியில் ஷிப்ட் வேலை பார்க்கிற வீடுகளில் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்த சாயங்காலம் எத்தனை?

2010 முதல் 2015 வரை சன் டிவியில் ஏழரை மணிக்கு 'நாதஸ்வரம்'. அப்பாவுக்கு இரண்டாம் ஷிப்ட் வந்தால் அந்த வாரக் கதை முழுக்க அவுட். மறுநாள் காலையில் அம்மா இட்லி வைத்துக்கொண்டே சொல்லுவாங்க, அதுவும் பாதிதான். 2014இல் ஆயிரமாவது எபிசோடை இயக்குநர் திருமுருகன் ஒரே ஷாட்டில் நேரலையாகக் காட்டினார். எங்க பிளாக்கில் அன்றைக்கு வேறு பேச்சே இல்லை. அப்பா சுரங்கத்தில் இருந்தார்.

2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா சல்லிசானது. அதற்கப்புறம்தான் அப்பா அந்த சீரியலை முதலிலிருந்து யூடியூபில் பார்த்தார், நைட் ஷிப்ட் முடிந்து தூங்கி எழுந்த மதியங்களில். பக்கத்தில் அம்மா. "இவன் பின்னாடி என்ன பண்ணப் போறான் தெரியுமா?" என்று ஆரம்பித்தாலே அப்பா போனைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய்விடுவார். இதையா குடும்பம் பிரிந்தது என்கிறார்கள்?

காமர்ஸ் படிக்கிறதால் காசுப் பக்கமும் சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்தில் பல சீரியல் தயாரிப்பாளர்கள் சேனலுக்குப் பணம் கட்டி அரை மணி நேரத்தை வாங்கி, விளம்பரத்தைத் தாங்களே விற்றார்கள். முதல் இல்லாதவன் உள்ளே நுழைய முடியாது. புதுக்கோட்டை மாவட்டம் சின்னவீரமங்கலத்தில் பெரியதம்பி தாத்தாவும் பேரன்களும் 2018இல் வயல்வெளியில் சமைத்து வீடியோ போட்டார்கள். யாரிடமும் ஸ்லாட் கேட்கவில்லை. 2021இல் ஒரு கோடி சந்தாதாரர்களைத் தொட்ட முதல் தமிழ் சேனல் அவர்களுடைய வில்லேஜ் குக்கிங் சேனல்தான்.

ஆனா இதில் எனக்குப் பயமும் உண்டு. ஸ்லாட் வாங்கியவர் கையில் ஒப்பந்தம் என்று ஒரு காகிதமாவது இருந்தது. மந்தாரக்குப்பத்தில் ஓர் அண்ணன் வடிவேலு வசனத்துக்கு வாயசைத்து டிக்டாக்கில் கொடிகட்டிப் பறந்தார். 2020 ஜூன் 29 ராத்திரி அரசு தடை அறிவித்தது. அடுத்த வாரம் இன்ஸ்டாகிராமில் மறுபடி பூஜ்ஜியத்திலிருந்து ஆரம்பித்தார். கூட வந்தது நாங்க நாலு பேர்தான்.