எழுதாத மொய்

ஆடி பிறந்தால் போதும், எங்கள் கீரமங்கலம், வடகாடு பக்கம் மொய் விருந்துப் பத்திரிகைகள் வந்து குவியும். பெட்டியிலிருந்து நோட்டை எடுத்து, பத்திரிகை வைத்தவர் நமக்கு எவ்வளவு செய்திருக்கிறார் என்று பார்த்து, அதற்கு மேல் கொஞ்சம் வைத்துக்கொண்டு புறப்படுவோம். கறிச்சோறு சாப்பிட்டு, பெயரும் தொகையும் எழுதிவிட்டுத் திரும்புவோம். வாங்கிய மொய்யைத் திருப்பாதவனுக்கு ஊருக்குள் மரியாதை கிடையாது. நான் யாருக்கும் பாக்கி வைத்ததில்லை, தண்ணீரைத் தவிர.

சின்ன வயதில் எங்கள் கிணற்றில் மாடு பூட்டிக் கவலை இறைத்ததைப் பார்த்திருக்கிறேன். பிறகு மோட்டார் வந்தது. தண்ணீர் கீழே இறங்க இறங்க நாங்களும் துளைபோட்டுக்கொண்டே இறங்கினோம். இன்றைக்கு ஆயிரம் அடி என்றால் யாரும் ஆச்சரியப்படுவதில்லை. மல்லிகை, வாழை, தென்னை என்று செம்மண் கொடுத்துக்கொண்டே இருந்தது. மோட்டாருக்குக் கரண்டுக் கட்டணமும் கிடையாது, கணக்குக் கேட்க யார் இருக்கிறார்கள்? போதாததற்கு, குளத்துக்குப் போகும் வரத்துவாரியின் கரையில் இரண்டடி வெட்டி என் வயலோடு சேர்த்துக்கொண்டேன். பக்கத்து வயல்காரரும் அதையே செய்தார். அதனால் அது தப்பாகவே தெரியவில்லை.

எங்கள் புதுக்கோட்டைச் சீமையில் வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லை. வெள்ளாறு, அக்கினியாறு, அம்புலியாறு எல்லாம் மழை பெய்தால் ஓடுபவை. அதனால்தான் முன்னோர் ஆயிரக்கணக்கில் கண்மாய்களையும் ஊரணிகளையும் வெட்டி, ஒன்று நிரம்பிக் கலிங்கு வழிந்தால் அடுத்ததற்குப் போகும்படி வைத்தார்கள். தண்ணீர் திறக்கக் குமிழித்தூம்பு வைத்துக் கொடுத்தவரின் பெயரைக் கல்லிலேயே வெட்டினார்கள். அதுவும் ஒரு மொய் நோட்டுதான். நாமோ அந்தக் கல் நிற்கும் கண்மாயில் சீமைக் கருவேலம் மண்ட விட்டோம், மேட்டில் தைலமரம் வைத்தோம்.

2018 நவம்பர் 16 விடிவதற்குள் கஜா புயல் எல்லாவற்றையும் புரட்டிப்போட்டது. வேதாரண்யம் பக்கம் கரையேறிய காற்று, கடலிலிருந்து இவ்வளவு தூரம் உள்ளே வந்தும் அடங்கவில்லை. தாத்தா வைத்த பலா வேரோடு சாய்ந்து கிடந்தது. தோப்புக்குள் நின்றேன், தலைக்கு மேல் வெறும் வானம். தென்னை மறுபடி காய்க்க ஐந்தாறு வருஷமாவது வேண்டும். பலா அந்த அளவுக்கு வளர என் ஆயுள் போதாது. கரையில் யாரும் தண்ணீர் ஊற்றாத பனைகள் மட்டும் நின்றன. அடுத்த ஆடியில் மொய்யும் சுருங்கியது.

கடல் சூடேறினால் புயலுக்குத் தீனி கூடும். காற்று ஒரு டிகிரி சூடானால் ஏறக்குறைய 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைச் சுமக்கும். பல நாள் தூறி நனைக்க வேண்டிய மழை, சில மணி நேரத்தில் கொட்டிவிட்டுப் போய்விடுகிறது. இந்த மழையை ஆழ்குழாயால் பிடிக்க முடியாது, குளத்தால்தான் முடியும். கடலைச் சூடாக்கியதில் என் மோட்டாரின் பங்கு சொற்பம்தான். ஆனால் வாரியை வெட்டியது வேறு யாருமில்லை, நான்தான்.

புயலுக்கு அடுத்த கோடையில், 2019-இல், கொத்தமங்கலத்து இளைஞர்கள் தாங்களே பணம் போட்டுக் குளம் தூர்வார இறங்கினார்கள். பக்கத்துப் பேராவூரணியில் கைஃபா என்ற விவசாயிகள் அமைப்பினர் பெரியகுளத்தைத் தூர்வாரினார்கள். என் மகன் வயதுகூட ஆகாத பிள்ளைகள். வெட்கமாக இருந்தது, அதைச் சொல்வதில் வெட்கமில்லை.

2021 பிப்ரவரியில் குன்னத்தூரில் காவிரி – வைகை – குண்டாறு இணைப்புக் கால்வாய்க்கு அடிக்கல் நாட்டினார்கள். வரட்டும், மகிழ்ச்சிதான். ஆனால் வாரி அடைந்து கிடந்தால் காவிரியே வந்தாலும் குளத்துக்குள் எப்படி நுழையும்?

என் இரண்டடியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். கரையில் பனங்கொட்டை ஊன்றியிருக்கிறேன். பேரன், "இது எப்ப தாத்தா காய்க்கும்?" என்றான். "நீ மொய் எழுதப் போற வயசுல" என்றேன்.

ஐப்பசி பிறக்குமுன் ஒருநாள் உங்கள் வயலின் புலப்படத்தை எடுத்துக்கொண்டு வாரியோடு நடந்து பாருங்கள். அது எந்த இடத்தில் குறுகுகிறதோ, அங்கே யாருடைய வரப்பு இருக்கிறது என்று பாருங்கள்.