மலைக்கு எத்தனை ஹெச்.பி போதும்?

"அண்ணே, வண்டி இழுக்க மாட்டேங்குது. இதைவிடப் பெரிய எஞ்சினா மாட்டிக் கொடுங்க."

கொடைக்கானல் மேல்மலையிலிருந்து பவர் வீடரை வண்டியில் ஏற்றிக்கொண்டு வத்தலக்குண்டுக்கு இறங்கும் விவசாயிகள் பட்டறையில் சொல்வது இதைத்தான். பட்டறைக்காரர் அங்கேயே ஓட்டிக் காட்டுவார்; வண்டி துள்ளிக்கொண்டு போகும். பூம்பாறையிலோ மன்னவனூரிலோ கொண்டுபோய் இறக்கினால் மறுபடியும் திணறும். குறை பெரும்பாலும் வண்டியில் இல்லை, காற்றில் இருக்கிறது.

உயரே போகப் போகக் காற்று மெலிகிறது. ஒவ்வொரு 1,000 அடிக்கும் எஞ்சினின் திறன் 3 முதல் 3.5 சதவிகிதம் குறையும். கொடைக்கானல் சுமார் 7,000 அடி உயரம். அங்கே 7 ஹெச்.பி எஞ்சின் ஐந்தரையைத் தாண்டாது. 4,000 அடி அளவில் இருக்கும் தாண்டிக்குடி, பண்ணைக்காடு போன்ற கீழ்மலைப் பகுதிகளில் இழப்பு இதில் ஏறக்குறைய பாதிதான்.

காற்று குறைந்தாலும் கார்புரேட்டர் பழைய அளவிலேயே பெட்ரோலை ஊற்றுகிறது. அதனால்தான் கரும்புகை, பிளக்கில் கரி, கூடுதல் எரிபொருள் செலவு எல்லாம். இதற்குச் சிறிய துளையுள்ள ஜெட் மாட்டினால் புகையும் செலவும் குறையும். இழந்த திறன் முழுவதும் திரும்பாது. அதே ஜெட்டோடு சமவெளியில் ஓட்டக் கூடாது. பெட்ரோல் பற்றாமல் எஞ்சின் சூடேறிக் கெட்டுவிடும்.

புது எஞ்சினுக்குப் பணம் கொடுக்கும் முன் சில்லறை வேலைகளை முடிக்க வேண்டும். தேய்ந்த கத்திகளை மாற்றுவது, ஏர் ஃபில்டரைச் சுத்தம் செய்வது, பெல்ட்டை இறுக்குவது ஆகியவற்றிலேயே பாதிப் பிரச்னை தீரும். டூ-ஸ்ட்ரோக் எஞ்சின் என்றால் எண்ணெய்க் கலவையையும் பார்க்க வேண்டும். கையேட்டில் 25:1 என்றிருந்தால் லிட்டருக்கு 40 மில்லி, 50:1 என்றால் 20 மில்லி. இரண்டு பக்கமும் ஓரக் கத்திகளைக் கழற்றி உழவு அகலத்தைக் குறைத்தாலே, சின்ன எஞ்சினும் மூச்சு வாங்காமல் போகும்.

பழைய சட்டத்தில் எஞ்சினை மட்டும் மாற்றுவது சுலபமாகத் தோன்றும். 163 சிசி இருந்த இடத்தில் 196 சிசி எஞ்சினும் பல வண்டிகளில் அப்படியே உட்கார்ந்துவிடும். ஆனால் கியர் பாக்ஸ், கிளட்ச், செயின் எல்லாம் பழைய எஞ்சினின் அளவுக்குச் செய்தவை. கல்லில் கத்தி மாட்டும்போது பெரிய எஞ்சின் நிற்காது, பல் உடையும். உற்பத்தியாளர் அனுமதித்த எஞ்சினைத் தவிர வேறு மாட்டக் கூடாது.

புது வண்டியே வாங்குவதானால் ஹெச்.பி-யைக் கேட்பதற்கு முன் எடையைக் கேட்க வேண்டும். படிக்கட்டு நிலத்தில் ஒரு தட்டிலிருந்து அடுத்த தட்டுக்கு வண்டியைத் தூக்கித்தான் ஏற்ற வேண்டியிருக்கிறது. வீட்டில் இருக்கும் இருவரால் தூக்க முடியாத வண்டி, எத்தனை ஹெச்.பி என்றாலும் அந்த நிலத்துக்கு ஆகாது. டீசல் வண்டிக்கு இழுவை அதிகம், எரிபொருள் செலவு குறைவு, எடையும் அதிகம். பாதை வசதியுள்ள அகலமான தட்டுகளுக்கு அது பொருந்தும். குறுகிய தட்டுகளுக்கு 5 முதல் 7 ஹெச்.பி பெட்ரோல் வண்டியே போதுமானது.

தட்டின் ஓரத்தில் இரண்டடி விட்டே ஓட்ட வேண்டும்; அந்த இரண்டடிக்கு மண்வெட்டி இருக்கிறது. கை வலிக்கிறது என்று கிளட்ச் பிடியைக் கயிற்றால் கட்டிவைக்கிறார்கள் சிலர். பிடியை விட்டதும் கத்தி நிற்க வேண்டும் என்பதற்காகவே அந்த அமைப்பு. ரிவர்ஸில் வரும்போது கால் தடுக்கினால் வண்டி மேலேயே ஏறிவிடும்.

மண்ணையும் நினைக்க வேண்டும். பெரிய எஞ்சின் மண்ணை மாவாக்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் அந்த மாவு முதலில் ஓடையில்தான் போய்ச் சேரும். 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டு விளைவது இந்த மேல்மண்ணில்தான். சரிவுக்குக் குறுக்காக, கட்டி உடையும் அளவுக்கு உழுதால் போதும்.

பவர் டில்லர், வீடர்களுக்கு வேளாண்மைப் பொறியியல் துறையில் மானியம் உண்டு. விண்ணப்பிக்கும் முன் விற்பனையாளரிடம் ஒன்றைக் கேளுங்கள்: "வண்டியை எங்க தட்டுக்குக் கொண்டுவந்து ஒரு மணி நேரம் ஓட்டிக் காட்டுங்க." மலையில் இழுத்துக் காட்டாத வண்டிக்குச் சமவெளியில் பணம் கட்ட வேண்டாம்.