மயக்கம்: இல்லை

நியூசிலாந்தில் டௌபோ ஏரிக்குப் பக்கத்தில் ஒரு பாராசூட் பயிற்சியாளரின் கணுக்கால் முறிந்ததற்கு நான்தான் காரணம். வெறும் வயிற்றோடு வந்ததால் நான் வானத்தில் மயங்கிவிட்டேன் என்றும், சாப்பிட்டாயா என்று முன்பே கேட்காமல் விட்டது தன் தவறு என்றும் அவர் நம்பிக்கொண்டிருந்தார். நான் அன்று காலை வயிறாரச் சாப்பிட்டிருந்தேன்.

அந்தப் பயணத்துக்குச் சில மாதங்கள் முன்பு வங்கி வரிசையில் நின்றபடியே மயங்கி விழுந்திருந்தேன். அதற்கு முன்பு ஒரு கல்யாண வீட்டிலும் அப்படி நடந்தது. நிற்கும்போது ரத்தம் கால்களில் தேங்கி, துடிப்பும் அழுத்தமும் சட்டென்று இறங்கிவிடுகின்றன என்றார் மருத்துவர். உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் இப்போதைக்கு வண்டி ஓட்டாதீர்கள் என்றும் சொன்னார். இது என் மனைவிக்கு மட்டுமே தெரியும். ஆக்லாந்தில் இருக்கும் அண்ணன் மகனிடம் நாங்கள் சொல்லவில்லை. சின்ன வயதில் அவனைக் கிணற்றில் இறக்கி நீச்சல் பழக்கியவன் நான். அவன் கண்ணுக்கு நான் நோயாளியாகத் தெரிவதை என்னால் தாங்கிக்கொள்ள முடியவில்லை. "டாண்டம் ஜம்ப் புக் பண்ணிட்டேன், என்னோட பரிசு சித்தப்பா" என்று அவன் சொன்னபோது உடனே சரி என்றேன்.

படிவத்தில் வரிசையாகக் கேட்டிருந்தார்கள்: இதய நோய், வலிப்பு, தோள்பட்டை விலகல், மயக்கம். எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று குறித்துக் கையெழுத்துப் போட்டேன். எது நடந்தாலும் எனக்குத்தானே நடக்கப் போகிறது என்று நினைத்தேன். டாண்டம் என்பதன் அடிப்படையே எனக்குப் புரிந்திருக்கவில்லை. தோளில் இரண்டு, இடுப்பில் இரண்டு என்று கொக்கிகளால் பயணியைப் பயிற்சியாளரின் உடம்போடு பிணைத்துத்தான் குதிப்பார்கள். 1980களில் அமெரிக்காவில் டெட் ஸ்ட்ராங்கும் பில் பூத்தும் இந்த முறையை உருவாக்கியபோது, இரண்டு பேரின் எடை சேர்ந்து வேகம் எல்லை மீறாமலிருக்க, பின்னால் இழுத்துப் பிடிக்கும் சிறு பாராசூட் ஒன்று தேவைப்பட்டது. அது விழும் வேகத்தை மணிக்கு 200 கிலோமீட்டர் அளவில் நிறுத்துகிறது. பயிற்சியாளர் நினைவிழந்தால்கூட, குறிப்பிட்ட உயரத்தில் மாற்று பாராசூட்டைத் தானே திறக்கும் கருவியும் முதுகுப் பையில் இருக்கிறது. இத்தனையையும் யோசித்து வைத்தவர்கள், பயணி எழுதிக் கொடுப்பதை மட்டும் அப்படியே நம்ப வேண்டியிருக்கிறது.

15,000 அடியில் கதவு திறந்தது. தெற்கே பனி மூடிய ருவாபெஹு, அதற்கு இப்பால் கூம்பாக நௌருஹோயே. கீழே, எரிமலை வெடித்து இறங்கிய பள்ளத்தில் நிறைந்து கிடக்கும் அறுநூறு சதுர கிலோமீட்டருக்கும் அதிகமான ஏரி. ஏறக்குறைய ஒரு நிமிடம் விழுந்துகொண்டே இருந்தோம். காற்று முகத்தை அறைய, தொண்டை கிழியக் கத்தினேன். அந்த நிமிடத்தில் நான் அடைந்த சந்தோஷத்தை இப்போதும் என்னால் மறுக்க முடியவில்லை. அதைச் சொல்லாமல் விட்டாலும் அது இன்னொரு மறைப்புதான்.

ஆபத்து வந்தது பாராசூட் விரிந்த பிறகு. இரைச்சல் சட்டென்று நின்றது. தொடை வார்கள் இறுக்க, கால்கள் அசையாமல் தொங்கின. இறங்கும்போது செய்ய வேண்டியதைப் பழக, முழங்காலை மடக்கி உயர்த்தச் சொன்னார் பயிற்சியாளர். உயர்த்தினேன். "அருமை" என்றார். கொஞ்ச நேரத்தில் காது அடைத்தது. உள்ளங்கை வியர்த்தது. பார்வையின் ஓரங்கள் வெளுத்தன. இந்த அறிகுறிகள் ஒவ்வொன்றும் எனக்குப் பழக்கமானவை. "எனக்கு மயக்கம் வருகிறது" என்று சொல்ல அப்போதும் நேரம் இருந்தது. சொல்லியிருந்தால் திருப்பங்களைக் குறைத்து, கீழே ஆட்களைத் தயாராக நிற்கவும் வைத்திருப்பார். படிவத்தில் எழுதிய பொய் வெளியே வந்துவிடும் என்று வாயை மூடிக்கொண்டேன். படிவத்தை நிரப்பியபோது விளைவு தெரியாது என்றாவது சொல்லிக்கொள்ளலாம். இந்த மௌனத்துக்குச் சொல்ல எந்தச் சாக்கும் இல்லை.

பிறகு நினைவு தப்பியது. மற்றதை அண்ணன் மகன் சொல்லித்தான் அறிந்தேன். பயணியின் கால்கள் உயர்ந்திருந்தால்தான் பயிற்சியாளர் தன் காலை ஊன்றியோ உட்கார்ந்தபடியோ தரையில் இறங்க முடியும். என் கால்கள் தொங்கின. அவை மடங்கி முறிந்துவிடாமலிருக்க அவர் தன் காலை என் காலுக்கு முன்னால் நீட்டியிருக்கிறார். இருவர் எடையும் அதன் மேல் இறங்கியது.

நான் கண் விழித்தபோது அவர் புல்லில் உட்கார்ந்து கணுக்காலைப் பிடித்துக்கொண்டிருந்தார். வலியிலும் முதலில் என்னைத்தான் விசாரித்தார். "காலையில் ஏதாவது சாப்பிட்டீர்களா?" தப்பிக்க ஒரு வழி கிடைத்தது. இல்லை என்றேன். "நான் கேட்டிருக்க வேண்டும், மன்னியுங்கள்" என்றார். காலையில் எனக்கு முட்டையும் ரொட்டியும் எடுத்து வைத்த அண்ணன் மகன் பக்கத்திலேயே நின்றான். என்னைப் பார்த்தான், ஒன்றும் பேசவில்லை. ஆக்லாந்துக்குத் திரும்பும் வழியில், "சாப்பிட்டீங்களே சித்தப்பா?" என்று மெதுவாகக் கேட்டான். பதற்றத்தில் வாய் தவறிவிட்டது என்றேன். அவனுக்கும் ஒரு பொய்.

விபத்து அறிக்கையில் 'பயணி உணவு உண்ணவில்லை' என்று எழுதினார்கள். ஒவ்வொரு விபத்தின் காரணத்தையும் பதிவு செய்து, அதிலிருந்து அடுத்த விதியை எழுதித்தான் இந்தத் துறை பாதுகாப்பைக் கட்டியிருக்கிறது. அந்தப் பதிவுகளுக்கு நடுவே என் பொய்க் காரணமும் இருக்கிறது. அதை நம்பி அவர்கள் இனி வருகிறவர்களிடம் காலை உணவைப் பற்றிக் கேட்பார்கள். என்னைப் போல இன்னொருவர் மயக்கத்துக்கு 'இல்லை' என்று குறித்துவிட்டு விமானம் ஏறுவார்.

அப்படி நடக்கக் கூடாது என்று, மருத்துவரின் சீட்டு நகலோடு அந்தப் பாராசூட் நிலையத்துக்கும் பயிற்சியாளருக்கும் எழுதிய கடிதத்தை முதலில் அண்ணன் மகனுக்கு அனுப்பினேன். படித்துவிட்டு உடனே கூப்பிட்டான். "நீங்க சாப்பிட்டது எனக்குத் தெரியும். அன்னைக்கே நான் அவர்கிட்ட சொல்லியிருக்கணும் சித்தப்பா" என்றான். பயிற்சியாளரைப் போலவே இவனும் என் குற்றத்தைத் தன் தலையில் ஏற்றிக்கொண்டிருக்கிறான். "உன் மேல தப்பே இல்லடா. உன்கிட்டயும் பொய்தான் சொன்னேன்" என்றேன். கடிதத்தில் அதையும் ஒரு வரியாகச் சேர்த்து, அன்றே அனுப்பிவிட்டேன்.