தாத்தா போட்ட கேள்வி

அப்பாவோடு பேசி ஆறு மாசம் ஆகிறது என்று போன வாரம் சொன்னாய், பேராண்டி. அன்றிலிருந்து லைக்கோஃப்ரான் நினைப்பாகவே இருக்கிறது எனக்கு.

கி.மு. 6-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிரேக்கத்துக் கொரிந்து நகரை ஆண்ட கொடுங்கோலன் பெரியாண்டரின் இளைய மகன் அவன். கதையை எழுதி வைத்தவர் ஹெரோடோட்டஸ். பெரியாண்டர் தன் மனைவி மெலிஸ்ஸாவைக் கொன்றவன். (கிரேக்கர்களின் ஏழு ஞானிகள் பட்டியலில் இவன் பெயரையும் சிலர் சேர்த்தார்கள் என்பது வேடிக்கை.) தாயில்லாப் பிள்ளைகள் இருவரும் எபிடாரஸுக்குப் போனார்கள். அந்த ஊரை ஆண்ட புரோக்ளிஸ்தான் அம்மாவைப் பெற்ற தாத்தா. பெரியவனுக்கு 18 வயது, சின்னவனுக்கு 17. சீராட்டி வைத்திருந்துவிட்டு, வழியனுப்பும்போது தாத்தா ஒரு கேள்வி போட்டார்: உங்கள் அம்மாவைக் கொன்றது யார், தெரியுமா?

பெரியவன் கொஞ்சம் மந்தம், காதில் வாங்கவில்லை. சின்னவனுக்கு நெஞ்சில் தைத்துவிட்டது. ஊர் திரும்பியவன் அப்பாவிடம் வாயே திறக்கவில்லை.

அப்பன் வீட்டைவிட்டுத் துரத்தினான். அவனுக்கு இடம் கொடுத்தாலோ, பேசினாலோ அப்போலோ சாமிக்கு அபராதம் கட்ட வேண்டும் என்று பறைசாற்றினான். நாலாம் நாள், குளிக்காமல் சாப்பிடாமல் மண்டபத்தில் சுருண்டு கிடந்த மகனைப் பார்த்து மனசு இளகி, ஆட்சியும் சொத்தும் உனக்குத்தானே, வா என்றான். மகன் சொன்னது ஒன்றே ஒன்று. என்னோடு பேசிவிட்டீர்கள், அபராதத்தைக் கட்டுங்கள்.

அந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வரும். அப்புறம் வராது.

அப்பன் மகனைக் கப்பலேற்றிக் கார்சிராத் தீவுக்கு அனுப்பிவிட்டான். வயசான காலத்தில், திரும்பி வரச்சொல்லி ஆள் விட்டான், மகளைத் தூது விட்டான். அப்பா உயிரோடு இருக்கும்வரை வரமாட்டேன் என்றான் பிள்ளை. சரி, நான் அங்கே வருகிறேன், நீ இங்கே வந்து ஆள் என்று சொன்னதும்தான் இசைந்தான். கிழவன் தங்கள் ஊருக்கு வந்துவிடுவானே என்று பயந்த தீவுக்காரர்கள் லைக்கோஃப்ரானைக் கொன்றுபோட்டார்கள்.

அப்பனும் பிள்ளையும் கிடக்கட்டும். என்னை உறுத்துவது அந்தத் தாத்தா. மருமகன் முகத்துக்கு நேரே கேட்க வேண்டியதை 17 வயசுப் பேரன் தலையில் ஏற்றி அனுப்பினாரே!

உன் அம்மாவின் நகையை விற்றது யார் தெரியுமா என்று பொங்கலன்று உன்னிடம் கேட்டவன் நான். மாப்பிள்ளையிடம் இன்றுவரை அதைக் கேட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுக்கு வருகிறேன். நீ கூட இருக்க வேண்டாம்.