விரிப்பு நூலில் ஒரு கலியாணச் சட்டை

சுவிற்சர்லாந்தின் லொசான் நகரில் ஒரு நூதனசாலை இருக்கிறது. ஓவியக் கல்லூரிப் பக்கமே போகாதவர்கள், மனநோய் வைத்தியசாலைகளிலும் சிறைகளிலும் தனிமையிலும் வாழ்ந்தவர்கள் தமக்காகச் செய்தவைதான் அங்கே உள்ளன. சான் டுபுஃபே என்ற பிரெஞ்சு ஓவியர் 1945 முதல் தேடிச் சேர்த்து, 1971இல் அந்நகருக்கு வழங்கினார். 1976இல் அது திறக்கப்பட்டது.

அங்கு வசிக்கும் என் சித்தியோடு போயிருந்தேன். உள்ளே கறுப்புச் சுவர்கள். அலோயிஸ் கோர்பாஸ் என்ற பெண்ணின் படங்களை முதலில் பார்த்தோம். 1918இல் வைத்தியசாலைக்குள் போனவர் 1964இல் இறக்கும்வரை வெளியே வரவில்லை. பொதி சுற்றும் தாளில், பூவிதழ்ச் சாற்றையும் நிறமாக்கி வரைந்தார். தாள் போதாதபோது நூலால் தைத்து இணைத்தார். அவ்வாறு இணைத்த ஒரு படத்தின் நீளம் 14 மீற்றர்.

சித்தி ஒரு சட்டையின் முன்னால் நின்றுவிட்டார். அது பிரான்சில் 1890இல் பிறந்த மார்கெரித் சிர்வின்ஸ் செய்தது. சென் அல்பான் மனநோய் வைத்தியசாலையில் இருந்தவர், 1957இல் காலமானார். பழைய படுக்கை விரிப்புகளில் நூலை உருவி, தையல் ஊசியால் லேஸ்போலப் பின்னி, தான் மனதில் கண்ட கலியாணத்துக்காக இதைச் செய்தாராம். பழந்துணியில் உருவும் நூல் அறுந்து அறுந்து வரும். தையல் தெரிந்த சகோதரிகளுக்கு அந்தப் பாடு விளங்கும்.

"இது உடுத்தினதோ பிள்ளை?"

"இல்லைச் சித்தி. கலியாணமே நடக்கேல்லை."

"அவவிட்டைக் கேட்டோ இதை இஞ்ச கொண்டுவந்து வைச்சவை?"

கேள்வி நியாயமானது. செய்தவரின் கைவேலையைச் சொல்லுமுன் நோயைச் சொல்வதும் எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. என்றாலும், விசர் வேலை என்று குப்பைக்குப் போயிருக்கக்கூடிய சட்டை அது. ஒருவர் எடுத்து வைத்ததால்தான் நாங்கள் அன்று பார்த்தோம்.

நாங்கள் நடத்தும் தையல் வகுப்புகளில் எத்தனை தைத்தீர்கள், எத்தனை விற்றது என்றே படிவம் கேட்கும். அடுப்பு எரிய அதுவும் வேண்டும்தான். ஆனால் விற்பதற்கல்லாமல் தைப்பதை எழுத அதில் இடமில்லை. எங்கள் வகுப்புக்கு வரும் ஓர் அம்மாவின் மகன் 2009இல் காணாமல் போனபோது அவனுக்கு வயது 13. ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் அவனுக்கொரு சேட் தைக்கிறார். அயலிலுள்ள பெடியன்களின் வளர்த்தியைப் பார்த்து அளவு கூட்டினார். எல்லாம் ட்ரங்குப் பெட்டிக்குள் மடிப்புக் குலையாமல் இருக்கின்றன.

இதை நிறுத்தச் சொல்லும்படி உறவினர் என்னிடம் கேட்டார்கள். நான் சொல்லவில்லை. மகனைத் தேடி அலுவலகங்களுக்கும் போகிறார், தோட்டமும் செய்கிறார், பேரப்பிள்ளைகளையும் பார்க்கிறார். சேட் தைப்பதால் யாருக்கு என்ன நட்டம்?

ஊர் திரும்பியதும் லொசானில் பார்த்த சட்டையைப் பற்றி அவருக்குச் சொன்னேன். அவர் அதிகநேரம் பேசவில்லை.

"ஊசி எத்தினையாம் நம்பர்?" என்று மட்டும் கேட்டார்.